ஏழாவது பாட்டில் டிரம்ஸ் வாசித்தவர்

விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்த முதல் மாதத்திலேயே என்னால் உட்கார முடியாது என்று தெரிந்துபோயிற்று. காப்பீட்டு அலுவலகத்தில் இத்தனை வருஷமும் மற்றவர்கள் எழுதிய கோப்புகளைப் படித்துத் தப்புக் கண்டுபிடிப்பதுதான் என் வேலை. அது நின்றதும் கண் எதையாவது தேடிக்கொண்டே இருந்தது. பால் பாக்கெட்டில் அச்சாகியிருந்ததைப் படித்தேன். ஸ்ரீரங்கத்தில் எங்கள் அடுக்ககத்தின் லிஃப்டில் ஒட்டியிருந்த அறிவிப்பில் எழுத்துப்பிழைகளைப் பேனாவால் திருத்தினேன். சங்கச் செயலாளர் அதை ரசிக்கவில்லை. காலையிலும் சாயங்காலமும் அம்மா மண்டபம் வரை நடந்துவிட்டு வருவேன். வீட்டுக்குள் நுழைந்ததும் மறுபடி எங்கேயாவது கிளம்ப வேண்டும் போல இருக்கும்.

மகள்தான் வழி சொன்னாள். வெளியூரில் வேலை பார்க்கிறவள், தினமும் போனில் என் புலம்பலைக் கேட்கிறவள். "இன்டர்நெட்ல இங்கிலீஷ் கலைக்களஞ்சியம் இருக்கேம்மா, அதுல யார் வேணா எழுதலாம், யார் வேணா திருத்தலாம். அங்க போய்த் தப்புக் கண்டுபிடி. அப்பாவை விட்டுடு."

போனேன். சீக்கிரமே பழக்கமாகிவிட்டது. அங்கே ஒரு கட்டுரையை எழுதியவர், அது தரமாக வந்திருக்கிறது என்று தோன்றினால் மதிப்பீட்டுக்கு அனுப்புவார். சம்பந்தமில்லாத இன்னொருவர் அதை எடுத்து வரி வரியாகப் படிப்பார். இந்தத் தகவல் எங்கிருந்து வந்தது, அச்சான ஆதாரம் உண்டா, ஒரு பக்கமாகச் சாய்ந்து எழுதியிருக்கிறதா என்று கேட்பார். எழுதியவர் பதில் சொல்வார், திருத்துவார். இதெல்லாம் கட்டுரைக்குப் பின்னாலேயே உள்ள பேச்சுப் பக்கத்தில், எல்லோர் கண்ணிலும் படும்படி நடக்கும். முகம் தெரியாதவர்களுடன் ஒரு காற்புள்ளிக்காகச் சண்டை போடுவது எனக்கு ஒத்துக்கொண்டது.

ஒரு நாள் மதிப்பீட்டுக்குக் காத்திருக்கும் கட்டுரைகளைப் பார்த்துக்கொண்டே வந்தபோது ஒரு தலைப்பில் விரல் நின்றது. ராக் இசை ஆல்பம் ஒன்று. என் அண்ணன் டிரம்ஸ் வாசித்த ஆல்பம்.

அண்ணன் கல்லூரியில் படிக்கும்போது நான்கு பேர் சேர்ந்து ஒரு இசைக்குழு வைத்திருந்தார்கள். மற்ற மூன்று பேரும் மேலப்புதூர்ப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களின் பையன்கள், கோயில் பாடகர் குழுவில் கிட்டாரோடு வளர்ந்தவர்கள். ஸ்ரீரங்கத்து ஐயங்கார் வீட்டுப் பையன் அண்ணன் ஒருவன்தான். ஆங்கிலத்தில் அவர்களே பாட்டு எழுதினார்கள். சென்னைக்குப் போய் ஒரு ஸ்டுடியோவில் பதிவு செய்து கேசட்டாகக் கொண்டுவந்தார்கள். சொந்தக்காரர்களும் சிநேகிதர்களும் வாங்கினார்கள். அதோடு குழு கலைந்தது. பாடகன் வெளிநாட்டில் வேலைக்குப் போனான், அண்ணன் வங்கிப் பரீட்சை எழுதினான்.

சமீபத்தில்தான், பழைய கேசட் சேகரிக்கிற வெளிநாட்டுக்காரர் ஒருவரின் கையில் அது சிக்கி இணையத்தில் ஏறியது. இசைப் பத்திரிகைகள் ஒன்றிரண்டு எழுதின. குறிப்பாக ஏழாவது பாட்டைப் பற்றி. அதன் நடுவில் மற்ற வாத்தியமெல்லாம் நின்று டிரம்ஸ் மட்டும் தனியாக ஓடும். அதைக் கொண்டாடினார்கள். இதெல்லாம் எனக்குக் கட்டுரையைப் படித்துத்தான் தெரிந்தது. அண்ணன் வாயே திறக்கவில்லை.

சொந்த அண்ணன் சம்பந்தப்பட்டதை நான் மதிப்பிடக் கூடாது, அது விதி. ஆகவே பேச்சுப் பக்கத்தில் முதலிலேயே சொல்லிவிட்டேன்: டிரம்ஸ் வாசித்தவர் என் அண்ணன், மதிப்பீட்டை வேறு யாராவது எடுக்கட்டும், கட்டுரையை மேம்படுத்தச் சில குறிப்புகளை மட்டும் தருகிறேன் என்று. கட்டுரையை எழுதியவர் ஷில்லாங்கில் படிக்கிற மாணவர். உடனே பதில் போட்டார். "உங்கள் அண்ணன் உயிரோடு இருக்கிறாரா?" என்பது அவருடைய முதல் கேள்வி.

இருக்கிறார், தில்லைநகரில் இருக்கிறார், சர்க்கரை மட்டும் கொஞ்சம் கூடுதல் என்று பதில் எழுதிவிட்டு, சர்க்கரையை அழித்துவிட்டு அனுப்பினேன்.

குறிப்புகள் நிறைய இருந்தன. 'விமர்சகர்களால் பெரிதும் பாராட்டப்பட்டது' என்றால் எந்த விமர்சகர், எங்கே? மூன்றாவது பாட்டின் நீளம் மேலே ஒன்றாகவும் கீழே ஒன்றாகவும் இருக்கிறது. குழு உருவான கதைக்குக் கொடுத்திருக்கும் இணைப்பு வேலை செய்யவில்லை. ஸ்ரீரங்கம் திருச்சிக்குத் தெற்கே இல்லை, காவிரியைத் தாண்டி வடக்கே இருக்கிறது. மாணவர் ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டே வந்தார். நான் அடுத்த பத்திக்குப் போனேன். அங்கே இப்படி ஒரு வாக்கியம் இருந்தது: 'பதிவு முடிந்த கையோடு, பழமையில் ஊறிய குடும்பத்தின் எதிர்ப்பால் டிரம்ஸ் கலைஞர் இசையைக் கைவிட்டார்.'

ஆதாரம் எதுவும் கொடுக்கப்படவில்லை. வேறு கட்டுரையாக இருந்தால் 'ஆதாரம் தேவை' என்று போட்டுவிட்டு நகர்ந்திருப்பேன். இதில் நகர முடியவில்லை. குடும்பம் என்றால் அப்பா. அவர் போய்ப் பல வருஷமாகிறது. பதில் சொல்ல அவர் இல்லை. அதைவிட, அந்த வாக்கியம் உண்மை என்றுதான் நானும் இத்தனை காலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

எனக்கு ஞாபகம் இருப்பது இரண்டு காட்சிகள். ஒன்றில், உத்தர வீதி வீட்டின் பின்கட்டில் அண்ணன் வாசித்துக்கொண்டிருக்கிறான். அப்பா பஞ்சகச்சத்தோடு வந்து கதவைத் தட்டி, "போறும், நிறுத்து" என்கிறார். இன்னொன்றில், நான் பள்ளிக்கூடம் விட்டு வருகிறேன். வாசலில் ஒரு சைக்கிள் ரிக்ஷா, அதில் டிரம்ஸ் முழுக்க ஏற்றிக் கயிறு கட்டியிருக்கிறது. அப்பா வாசற்படியில் நின்றுகொண்டு ஒன்றும் பேசாமல் பார்க்கிறார். ரிக்ஷா போய்விட்டது. அண்ணன் அதற்குப் பிறகு குச்சியைத் தொடவில்லை. இந்த இரண்டையும் சேர்த்து நான் ஒரு கதை கட்டிக்கொண்டேன். அப்பாவிடம் அதைக் கேட்டதில்லை. ஆனால் அவர் என்னைப் பாட்டு கிளாஸில் சேர்த்துவிடுகிறேன் என்றபோது வேண்டாம் என்று சொன்னதற்கு அந்தக் கதைதான் காரணம்.

அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் அந்த வாக்கியத்தை அனுப்பி, "இது சரியா?" என்று கேட்டேன். பார்த்துவிட்டான் என்று காட்டியது. பதில் இல்லை. மறுநாளும் இல்லை. போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். குக்கரை வைத்துவிட்டு விசிலை எண்ண மறந்தேன். "நேர்ல போய்த்தான் கேளேன்" என்றார் என் கணவர். அவருக்கு வீடு அமைதியானால் போதும்.

பஸ் பிடித்துப் போனேன். அண்ணன் ஹாலில் மின்விசிறியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தான். மன்னி காப்பி கொடுத்தாள். ஊர்க்கதை பேசினோம். நான் வந்த விஷயத்தை அவனும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. கிளம்பும்போது, "பஸ் ஸ்டாப் வரை வரேன்" என்று கூட நடந்தான். தெருமுனை தாண்டியதும் சொன்னான்.

"அந்த வரிய எடுத்துடு."

"ஏன், அது நிஜம் இல்லையா?"

"அப்பா நிறுத்தச் சொல்லலை. அந்த டிரம்ஸை எனக்கு வாங்கிக் கொடுத்ததே அப்பாதான், தெரியுமோ?"

தெரியாது. அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் குமாஸ்தா. அங்கே ஆங்கிலோ இந்தியக் குடும்பம் ஒன்று ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தபோது, கிளப்பில் வாசித்துக்கொண்டிருந்த செட்டை அப்பா பேசி வாங்கியிருக்கிறார். அம்மாவுக்குக்கூட அண்ணனின் சிநேகிதன் கொடுத்தது என்றுதான் சொல்லியிருந்தார்களாம்.

"அப்ப 'போறும் நிறுத்து'ன்னாரே, நான் பார்த்தேனே."

"அடுத்தாத்து மாமா ஊஞ்சல்ல படுத்துண்டு தூங்குவார், அந்த நேரத்துல மட்டும் வேண்டாம்பார். அவ்வளவுதான்."

பஸ் வந்தது. நாங்கள் ஏறவில்லை. நிழற்குடையில் உட்கார்ந்துகொண்டோம். அவன் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

ஸ்டுடியோவில் காதில் ஹெட்போன் மாட்டினார்களாம். அதில் கடிகாரம் மாதிரி டிக் டிக் என்று ஒரு சத்தம் வரும். அதோடு ஒட்டி வாசிக்க வேண்டும். "இங்க பின்கட்டுல எனக்கு யாரு டிக் டிக் கொடுத்தா? நன்னா போயிண்டே இருக்கும், திடீர்னு நான் முன்னாடி ஓடிடுவேன். நிறுத்துவா. மறுபடி ஆரம்பிப்பா. மறுபடி ஓடிடுவேன். முதல் நாள் பூரா இதுதான். அந்த சவுண்ட் இன்ஜினியர் நல்ல மனுஷன். டீ குடிச்சுட்டு வாங்கோன்னார். டீ குடிச்சுட்டு வந்தும் ஓடினேன்."

ஸ்டுடியோ வாடகை ஏறிக்கொண்டிருந்தது. பாடகன் திருச்சிக்குப் போன் போட்டு, மெல்லிசைக் குழுவில் டிரம்ஸ் வாசிக்கிற ஒருவரை வரவழைத்தான். அவர் அடுத்த நாள் காலை பஸ்ஸில் வந்து இறங்கினார். பாட்டுகளை அதற்குமுன் கேட்டதில்லை. ஒவ்வொன்றையும் ஒரு தரம் கேட்பார், வாசித்துவிடுவார். எல்லாப் பாட்டையும் அவர்தான் வாசித்தார். அண்ணன் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். கேசட் அட்டை ஏற்கெனவே அச்சுக்குப் போய்விட்டது. அதில் டிரம்ஸ் என்ற இடத்தில் அண்ணன் பெயர்.

"ஆத்துக்கு வந்து சொல்லிடணும்னுதான் வந்தேன்" என்றான் அண்ணன். "அப்பா கேசட்டை வாங்கிப் போட்டார். சாப்பிடக்கூட வரலை. ஏழாவது பாட்டு வந்தது. தொடையில தாளம் போட்டுண்டே, இது நீயாடான்னார். ம்னேன். என்ன சொல்றது சொல்லு."

இன்னொரு பஸ்ஸையும் போக விட்டேன்.

"அப்புறம் கேட்டுண்டே இருந்தார், ஏண்டா வாசிக்கறதே இல்லைன்னு. பரீட்சைக்குப் படிக்கணும்னேன். குச்சிய எடுத்தா எனக்கு அந்த டிக் டிக் கேட்கும். நானேதான் ரிக்ஷா கூப்பிட்டு ஏத்தி அனுப்பினேன். வேண்டாம்டான்னு கூடச் சொல்லலை அப்பா. பார்த்துண்டு நின்னார்."

அடுத்த பஸ்ஸில் ஏறினேன். காவிரிப் பாலத்தில் பஸ் நின்று நின்று நகர்ந்தது. எனக்கு இறங்கி நடந்துவிடலாம் என்று இருந்தது. அந்த வாசற்படியில் அப்பா நின்ற முகத்தை மறுபடி மறுபடி பார்க்க முயன்றேன். அன்றைக்கு அதில் கண்டிப்பைப் பார்த்திருந்தேன். இப்போது அது என்ன முகமாக இருந்தது என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மாணவருக்கு எழுதினேன். குடும்பத்தின் எதிர்ப்பு பற்றிய வாக்கியத்துக்கு ஆதாரம் இல்லை, தயவுசெய்து நீக்கிவிடுங்கள் என்று. யாரோ எங்கேயோ கமெண்டில் எழுதியதைப் பார்த்துத்தான் போட்டாராம். மன்னிப்புக் கேட்டு எடுத்துவிட்டார். பொய் போய்விட்டது. ஆனால் மேலே, கலைஞர்கள் பெயர்கள் உள்ள இடத்தில், டிரம்ஸுக்கு நேரே அண்ணன் பெயர் அப்படியே இருந்தது. ஏழாவது பாட்டின் பாராட்டுகள் அத்தனையும் அந்தப் பெயருக்குக் கீழே வந்து சேர்ந்தன. கேசட் அட்டையில் அச்சாகியிருக்கிறது என்ற ஆதாரத்தோடு.

மறுநாள் காலை அண்ணனே போன் பண்ணினான். "அன்னிக்கு வாசிச்சவன் இங்கதான் இருக்கான். அவன் மருமகனுக்குக் காந்தி மார்க்கெட்டுல வெங்காய மண்டி. ஒரு தடவை தூரத்துல பார்த்துட்டு வேற சந்துல திரும்பிட்டேன். நீ கூட வா, போயிட்டு வரலாம்."

போனோம். மூட்டைகளுக்கு நடுவில் புகுந்து போக வேண்டியிருந்தது. சுமை தூக்குகிறவர்கள் வழி விடச் சொல்லிக் குரல் கொடுத்துக்கொண்டே போனார்கள். மண்டியின் உள்ளே மேசைக்குப் பின்னால் வெள்ளைத் தொப்பியும் வெட்டின தாடியுமாக ஒருவர் போனில் சரக்கு லாரியைத் தேடிக்கொண்டிருந்தார். அண்ணன் முன்னால் போய் நின்றான். அவர் நிமிர்ந்து பார்த்தார், போனை வைத்தார்.

"வாங்க சாமி. இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?"

அண்ணன் என்னை அறிமுகம் செய்துவைத்தான். அவர் எனக்கு நாற்காலி போடச் சொல்லி, டீக்கு ஆள் அனுப்பினார். சென்னையிலிருந்து வந்த கொஞ்ச நாளில் அவர் துபாய்க்குப் போய்விட்டாராம். அங்கே கிடங்கில் வேலை. வாசிப்பு அதோடு நின்றுபோனது. வருஷக்கணக்காக இருந்து திரும்பியவர், இந்த ஊரிலேயே மகளைக் கட்டிக் கொடுத்திருக்கிறார்.

அண்ணன் சுற்றி வளைக்காமல் நேராகச் சொன்னான். அந்த ஆல்பத்தை இப்போது உலகமெல்லாம் கேட்கிறார்கள், உன் வாசிப்பைத்தான் புகழ்கிறார்கள், பெயர் என்னுடையதாக இருக்கிறது, அதைச் சொல்லத்தான் வந்தேன் என்று.

அவர் அடக்கமாக ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். இல்லை.

"தெரியும்மா" என்றார் என்னைப் பார்த்து. "என் பேரன் போன்ல காட்டினான். நான்தாண்டா வாசிச்சேன்னேன். வீட்டுல ஒருத்தரும் நம்பல. என் சம்சாரமே சிரிக்கிறா. பேரைத் தட்டுனா உங்க அண்ணன் பேருதானே வருது. அதை மாத்திக் கொடுங்க. நீங்க அதுலதான் வேலை பாக்குறீங்களாமே."

வேலை இல்லை, சம்பளமும் இல்லை, சும்மா திருத்துகிறேன் என்றேன். பிறகு விதியைச் சொன்னேன். எழுதுகிறவர்களுக்குத் தெரிந்திருந்தால் போதாது, நம்பகமான இடத்தில் ஏற்கெனவே அச்சாகியிருக்க வேண்டும்.

"வாசிச்சவன் நானே சொல்றேனேம்மா. அது ஆதாரம் இல்லையா?"

"இல்லைங்க."

"கூட இருந்த உங்க அண்ணனும் சொல்றாரே."

"அதுவும் பத்தாதுங்க."

"அச்சாபீஸ்காரன் தெரியாம போட்ட அட்டை, அது ஆதாரமா?"

"அது ஆதாரம்தாங்க."

அவர் டீ கிளாஸை என் பக்கம் நகர்த்தினார். கோபம் இல்லை. இத்தனை நாள் நான் மற்றவர்களிடம் ஒரு தயக்கமும் இல்லாமல் கேட்ட கேள்வி அது. 'ஆதாரம் எங்கே?' அதை வெங்காயத் தோல் பறக்கிற இடத்தில், அந்த மனிதருக்கு முன்னால் உட்கார்ந்து சொல்லும்போது வேறு மாதிரி இருந்தது.

திரும்பி வந்து விதிகளையெல்லாம் துருவினேன். ஒரு சின்ன இடைவெளி இருந்தது. ஒருவர் தன்னைப் பற்றித் தானே வெளியிட்டதை, அவரைப் பற்றி மட்டும், கவனமாகப் பயன்படுத்தலாம். அண்ணன் தான் வாசிக்கவில்லை என்று தன் முகநூல் பக்கத்தில் எழுதினால், அதைக் காட்டலாம். ஆனால் அவன் சொல்வதை வைத்து மூன்றாம் மனிதரின் பெயரைக் கட்டுரையில் ஏற்ற முடியாது.

"எழுதறேன்" என்றான் அண்ணன். யோசிக்க நேரம் கேட்பான் என்று நினைத்திருந்தேன். அன்றைக்கே எழுதி எனக்கு அனுப்பினான். 'கேசட்டில் என் பெயர் இருக்கிறது. நான் வாசிக்கவில்லை. முதல் நாளே என்னால் முடியாமல் போயிற்று. வாசித்தவர் வேறொருவர், அவர் இந்த ஊரில்தான் இருக்கிறார்' என்று தொடங்கி, அவர் பெயரையும் போட்டிருந்தான். ஓரிடத்தில் பிழை இருந்தது. திருத்தட்டுமா என்றேன். "ஒண்ணும் தொடாதே" என்றான்.

அதைப் போட்டதும் பழைய கல்லூரி ஆட்கள் வந்து என்னென்னவோ எழுதினார்கள். சிலர் கிண்டல் செய்தார்கள். மன்னிக்கு வருத்தம். "இத்தனை வருஷம் கழிச்சு இது என்ன தேவை இவருக்கு?" என்று என்னிடம்தான் கேட்டாள். அண்ணனைப் பார்த்தால் வருத்தமாகத் தெரியவில்லை. நான்தான் ஒவ்வொரு கமெண்டையும் படித்துப் படித்து உள்ளுக்குள் எரிந்துகொண்டிருந்தேன்.

மதிப்பீட்டை எடுத்தவர் யாரென்று தெரியாத, கறாரான ஒரு மனிதர். மாணவரும் அவரும் நாள் கணக்கில் விவாதித்தார்கள். நான் குறுக்கே போகக் கூடாது. கையைக் கட்டிக்கொண்டு பார்த்தேன். கடைசியில் கட்டுரை தரமானது என்று தேறியது. டிரம்ஸுக்கு நேரே அண்ணன் பெயர் 'அட்டையில் உள்ளபடி' என்ற குறிப்போடு நின்றது. கீழே ஒரு வாக்கியம் சேர்ந்தது: 'பதிவில் தாம் வாசிக்கவில்லை என்றும் வேறொரு கலைஞர் வாசித்தார் என்றும் அவர் பின்னர் தெரிவித்தார்.'

மாணவர் எனக்கு நன்றி எழுதினார். மண்டிக்காரருக்கு நான் போன் செய்து அந்த வாக்கியத்தைத் தமிழில் சொன்னேன்.

"வேறொரு கலைஞர்னு போட்டிருக்காங்களா?"

"ஆமாங்க. இப்போதைக்கு அவ்வளவுதான் முடிஞ்சுது."

"அந்த வேறொருத்தன் நான்தான்னு வீட்டுல சொல்லிக்கலாம்ல?"

"தாராளமா சொல்லுங்க."

அவர் சொல்லியிருக்கிறார். பேரன் படித்துக் காட்டியிருக்கிறான். மனைவி, "பேரு போடட்டும், அப்புறம் நம்புறேன்" என்றாராம்.

வெளிநாட்டில் இருக்கும் பாடகனிடம் அண்ணன் பேசினான். அவன் மறுக்கவில்லை. இசைப் பத்திரிகை ஒன்றிலிருந்து பேட்டி கேட்டிருக்கிறார்கள், அதில் எல்லாவற்றையும் சொல்கிறேன் என்றான். பேட்டி கொடுத்தும்விட்டானாம். இன்னும் வெளிவரவில்லை. வந்தால் அது ஆதாரம், பெயர் ஏறிவிடும். நான் தினமும் காலையில் காப்பி போடுவதற்கு முன்னால் அந்தப் பத்திரிகையின் பக்கத்தைத் திறந்து பார்க்கிறேன். வேறு ஆல்பங்கள், வேறு ஊர்கள். மூடிவிடுகிறேன். இடைப்பட்ட நேரத்தில் வேறு இரண்டு கட்டுரைகளை மதிப்பீட்டுக்கு எடுத்தேன். 'ஆதாரம் தேவை' என்று தட்டுவதற்கு முன்னால் இப்போது கொஞ்சம் நிற்கிறேன். பிறகு தட்டத்தான் செய்கிறேன்.

போன வாரம் மத்தியானம் மண்டிக்காரரிடமிருந்து போன். அடிக்கடி வருவதுதான்.

"என்னம்மா, வந்துருச்சா?"

"இன்னும் இல்லைங்க. வந்தா முதல்ல உங்களுக்குத்தான் சொல்வேன்."

பின்னால் மூட்டை விழும் சத்தத்தோடு அண்ணன் குரலும் கேட்டது. "அவளைப் போட்டுப் படுத்தாதே. வரும்போது வரும்." மண்டியில் அவனுக்கு என்ன வேலை என்று கேட்டேன்.

"சாமி சாயங்காலமானா இங்கதான்மா இருக்காரு. இன்னிக்கு மத்தியானமே வந்துட்டாரு. லாரி நம்பரெல்லாம் தப்புத் தப்பா எழுதுறாரு" என்றார் அவர்.